அம்மை வீட்டில் இருபது நண்டுகள்

அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். கையெழுத்து மேலதிகாரியுடையது, வாசகம் என்னுடையது. "நகரியத்திலுள்ள எல்லாக் குடியிருப்புகளிலும் கொசு மருந்து தெளிக்கப்படும். எந்தக் காரணத்தை முன்னிட்டும் எந்தக் குடியிருப்புக்கும் விலக்கு அளிக்கப்படமாட்டாது." 'எந்த' என்ற சொல் இரண்டு முறை வருவதில் எனக்கு ஒரு தனித் திருப்தி. அதற்கு முந்தைய முறை வந்த விலக்கு மனுக்களையெல்லாம் படித்தவன் என்பதால் அந்தத் திருப்திக்கு எனக்கு உரிமையும் உண்டு. சுவரில் கறை படிகிறது, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டில் கிளி இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒருவர் தம் வீட்டில் கொசுவே கிடையாது என்று எழுதி, அதற்குச் சாட்சியாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரிடம் கையெழுத்தும் வாங்கி இணைத்திருந்தார். அவர் வீட்டில் முதல் நாளே மருந்தடிக்க ஏற்பாடு செய்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலியில் நான் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் இருந்தேன். யாருக்கு எந்த பிளாக், யாருக்கு எத்தனை அறை, யார் எப்போது காலி செய்ய வேண்டும், யார் வீட்டில் எருமை கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். விதிப்புத்தகத்தைப் புரட்டாமலே பாராவின் எண்ணைச் சொல்லுவேன். அப்படிச் சொல்பவனை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அது தெரியும்.

என் மனைவி நண்டுகளின் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நிலக்கரி தோண்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் நண்டை ஆராய்வது எப்படி என்று கேட்காதவர்கள் எங்கள் பிளாக்கில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் பஸ் ஏறி, வடலூரில் மாறி, கடற்கரையில் இருந்த ஓர் ஆய்வுக் கொட்டகைக்குப் போய், இருட்டுமுன் மீன் வாசனையோடு திரும்புவாள். எங்கள் இரு குடும்பமும் தெற்கத்திச் சைவம். கல்யாணப் பேச்சின்போது பெண் விலங்கியல் படித்தவள் என்றார்கள். எந்த விலங்கு என்று கேட்க எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளுடைய கேள்வி இதுதான். மனிதனுக்கு ஒரு தடவை அம்மை வந்து போனால் மறுபடி வருவதில்லை, உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. நண்டு, இறால், மட்டி போன்ற முதுகெலும்பில்லாத பிராணிகளின் உடம்புக்கு அந்த நினைவு கிடையாது என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆனாலும் கிருமிகள் மொய்க்கிற சேற்றில் நண்டு ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்துகிறது. எப்படி? செத்த கிருமியைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றிவிட்டுப் பத்தாம் நாள் உயிருள்ள கிருமியை ஏற்றினால், முதலில் பார்த்த முகத்தை நண்டின் ரத்தம் அடையாளம் கண்டுகொள்ளுமா?

"ஞாபகம் வெச்சா என்ன, வெக்காட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க ஆபீஸ்ல பழைய ஃபைல எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொரு நண்டையும் கால் மணி நேரம் பனிக்கட்டியில் வைப்பாள். அது மரத்துப்போன பிறகுதான், பின்னங்காலின் அடியில் ஓடு மெலிந்திருக்கும் இடத்தில், ஊசி இறங்கும். அவளுடைய ஆய்வு வழிகாட்டிக்கு இது வீண் வேலையாகப் பட்டது. "நண்டுக்கு என்னம்மா வலி?" என்று கேட்டிருக்கிறார். "இல்லன்னு அது சொல்லட்டும் சார், நிறுத்திடறேன்" என்றாளாம். எங்கள் நிர்வாகத்தில் தொழிலாளர் நலனுக்கென்று ஓர் அதிகாரியும், அவருக்கு ஓர் அறையும், அறைக்கு ஒரு மின்விசிறியும் இருந்தன. ஆனால் எந்தத் தொழிலாளிக்கும் ஊசி போடுமுன் பனிக்கட்டி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு முறை அந்தக் கொட்டகையில் மின்சாரம் நின்றது. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டாரும் நின்றது. இரண்டு முறையும் நண்டுகள் செத்தன. மூன்றாவது முறைதான் கடைசி, ஏனென்றால் அந்த ஆகஸ்டோடு அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. ஐந்து வருட வேலையில் இந்த ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் மற்ற அத்தியாயங்கள் பரணுக்குப் போகும். ஆகவே நண்டுகளைச் சொந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தாள். தமிழ்நாடே இருட்டில் கிடந்தாலும் நெய்வேலியில் விளக்கு எரியும். மின்சாரம் எங்கள் கொல்லையில் காய்க்கிறது.

கேன்களில் கடல் தண்ணீரும், மட்டிச் சதையும் பனிக்கட்டியும் வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜும் ஒரு காலி லாரியில் வந்தன. கழிமுகத்துச் சேற்று நண்டுகள் இருபது, கொடுக்குகளைக் கட்டி, ஈரச்சாக்கு போர்த்திய ஓலைக்கூடையில் அவளோடு பஸ்ஸில் வந்தன. "ஏம்மா, இது உசுரோட இருக்கா? அப்ப டிக்கெட் போடணுமே" என்றாராம் நடத்துநர். பின்கட்டு அறையில் நான்கு தொட்டிகள், தொட்டிக்கு ஐந்து நண்டுகள், நண்டுக்கு நண்டு நடுவில் வலைத்தடுப்பு. தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்றாள். முதல் இரண்டு தொட்டி நண்டுகளுக்குச் செத்த கிருமி. மூன்றாவது, நான்காவது தொட்டிகளுக்கு வெறும் உப்புநீர். பத்தாம் நாள் இருபதுக்கும் உயிருள்ள கிருமி. இருபத்தோராம் நாள் யார் மிச்சம் என்று எண்ண வேண்டியது.

குவார்ட்டர்ஸில் பிராணி வளர்க்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். மனு போட்டால் அது என் மேசைக்குத்தான் வரும், நானே மறுக்க வேண்டியிருக்கும். அதனால் பின்கட்டு ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தியதோடு விட்டுவிட்டோம்.

ஊசி போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் அவள் தெருமுனைப் பலகையைப் படித்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு நம்ம பிளாக்ல மருந்தடிக்கறாங்களாம். நம்ம வீட்டுக்கு விலக்கு வாங்கிக் குடுங்க."

"முடியாது."

"ஏன்?"

"எந்தக் காரணத்தை முன்னிட்டும் முடியாதுன்னு இருக்கு."

"யாரு எழுதினா?"

"நான்தான்."

"அந்த மருந்து கொசுவ என்ன பண்ணுமோ எனக்குத் தெரியாது. நண்டக் கண்டிப்பா கொன்னுடும். கொசுவும் நண்டும் தூரத்துச் சொந்தம். சுவத்துல அடிக்கறது தெறிச்சுத் தண்ணில விழுந்தாலே போதும்."

"பின்கட்டப் பூட்டி வெச்சுடு."

"எல்லா அறையையும் தொறந்து காட்டணும்னு ரெண்டாவது பாராவுல இருக்கு."

இருந்தது. அதுவும் என் வாசகம்தான்.

"இன்னும் பதினெட்டு நாள் யாரும் தொடாம இருந்தா போதும்ங்க. உங்களுக்குத் தெரியாத விதியா? ஒரே ஒரு வழி சொல்லுங்க."

சாப்பாடு முடிகிறவரை யோசித்தேன். வழி இருந்தால்தானே. இருந்த சந்துபொந்துகளையெல்லாம் நானே அடைத்திருந்தேன். "விதியில வழி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். சூப்பரிண்டெண்ட் தம் அறை வாசலில் வந்து நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"யோவ், அங்கயே நில்லும்! கிட்ட வராதீர்! வீட்ல அம்மை போட்டிருக்காமே? சொல்லாமக் கொள்ளாம வந்து ஃபைலத் தொட்டுக்கிட்டு இருக்கீரு?"

"யாருக்கு சார்?"

"உம்ம சம்சாரத்துக்குத்தான்யா! வாசல்ல வேப்பிலை தொங்குது. மருந்தடிக்கப் போனவன் கும்பிட்டுட்டுத் திரும்பி வந்துட்டான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்படி ஒன்றுமில்லை சார்" என்று அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் இருபது நண்டும் மிதக்கும். வாயை மூடிக்கொண்டேன். மௌனம் பொய்யாகுமா என்பதைப் பற்றி எந்தப் பாராவும் இல்லை.

"குவாரண்டைன் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போம். இல்ல, வேணாம், பேப்பர வேற தொடணும். வாயால சொல்லும், நானே எழுதிக்கறேன்."

என் பணிக்காலம் முழுவதிலும் வாயால் சொல்லிக் கிடைத்த விடுப்பு அது ஒன்றுதான். அன்று காலையிலிருந்து நான் தொட்ட ஃபைல்களையெல்லாம் ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டுபோய் வராந்தாவில் வெயிலில் காயப்போட்டார்கள். என் மேசையிலிருந்து ஃபைல்கள் மத்தியானத்துக்குள் நகர்ந்ததும் அந்த ஒரு நாள்தான்.

வீட்டு நிலையில் பெரிய வேப்பிலைக் கொத்து, மஞ்சள் துணியோடு. முறையாகத்தான் கட்டியிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாரா நம்பர் சொல்லுவீங்க."

"இது பொய்யில்லையா?"

"என்ன பொய்? பத்தாம் நாள் இந்த வீட்டுல இருபது பேருக்கு நோய் வரப் போகுது. வேப்பிலைய ஒரு வாரம் முன்னாடி கட்டிட்டேன், அவ்வளவுதான்."

மருந்தடிக்க வந்தவர்கள் சுற்றுக் கிராமத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் மூத்தவர் வேப்பிலையைக் கண்டதும் தோளிலிருந்த பம்பை இறக்கி வைத்துவிட்டு, "ஆத்தா, தெரியாத வந்துட்டோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். நான் 'எந்த' என்று எத்தனை தடவை எழுதியிருந்தாலும் அவர் உள்ளே காலெடுத்து வைத்திருக்கமாட்டார். சுற்றறிக்கையில் நான் வேப்பிலையை மறந்துவிட்டேன்.

வேப்பிலை கட்டிய மறுநாள், ஊசி போட்ட நாலாம் நாள், சுகாதார ஆய்வாளர் வந்தார். பயந்த சுபாவம், நல்ல மனிதர். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஒரு ஃபார்மாலிட்டிதாங்க சார். பேஷண்ட தூரத்துலேர்ந்து பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். என் மனைவி வெளியே வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார்.

"முத்து ஒண்ணும் காணோமேம்மா?"

நேருக்கு நேர் பொய் சொல்ல அவளுக்கு வராது. "உள்ள வாங்க, காட்டறேன்" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். ஒரு நண்டைத் தூக்கி, பின்னங்காலைத் திருப்பிக் காட்டினாள். ஊசி இறங்கிய இடத்தில் மிளகு அளவுக்குக் கறுத்திருந்தது. "காயம் பட்டா அதுங்க ரத்தம் இப்படித்தான் கறுத்து அடைச்சுக்கும். இதுதான் முத்து."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது நண்டுங்களேம்மா."

"ஆமா."

"இத நான் எந்த ரிஜிஸ்டர்ல எழுதறது?"

நான் குறுக்கிட்டேன். தவறுதலாக நினைத்துவிட்டோம், அம்மை இல்லை என்று எழுதிவிடலாமே, எங்களுக்கு இந்தப் பதினேழு நாள் மருந்து மட்டும் அடிக்காமல் இருந்தால் போதும் என்றேன்.

"நேத்தே எழுதிட்டேங்க சார். வாசல்ல வேப்பிலையப் பாத்தேன், பேஷண்டப் பாத்ததாவே போட்டுட்டேன். வாராந்தர அறிக்கையும் போயிடுச்சு. இப்ப எழுதினதக் கோடு போட்டு அடிச்சா ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க. பாக்காம எழுதினேன்னு ஆயிடும்."

எனக்கு அவர் நிலைமை நன்றாகப் புரிந்தது. வந்த நோய் குணமாகி முடியலாம். வராத நோயை முடிக்கப் படிவம் கிடையாது. இருவரும் முன்னறையில் உட்கார்ந்தோம். நான் வாசகம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நோயாளி நன்றாக இருக்கிறார், வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, இருபத்தோராம் நாள் வரை வீட்டுக்குள் யாரும் நுழையலாகாது. இப்படியாக என் மனைவி, பெயர் வயது வீட்டு எண்ணோடு, அரசு முத்திரையுள்ள காகிதத்தில் அம்மை வார்த்தவள் ஆனாள்.

அம்மையை நம்பியவர்களில் எங்கள் படிவரை வந்தவள் அடுத்த வீட்டுப் பெண் மட்டும்தான். முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் பிறந்தவள், கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. முதல் நாளிலிருந்தே தினமும் ஒரு சின்ன மண்கலயத்தில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து எங்கள் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். "எக்காவுக்கு குளுமையா இருக்கட்டும். கலயத்த திருப்பித் தராதீங்கண்ணே, அம்மை வூட்டுல குடுத்தத திரும்ப வாங்கக் கூடாது." கூழை நான்தான் குடித்தேன். கலயங்கள் சேர்ந்தன. ஏழாம் நாள் ஐந்து கலயங்கள்.

ஆபீஸ் இல்லாத அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நாற்காலியைப் பின்கட்டில் போட்டுக்கொண்டு நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்காம் தொட்டி ஜன்னலோரத்தில் இருந்தது. ஒருக்களித்த கதவின் இடுக்கு வழியாக வெயில் அதில்தான் விழும். சந்தில் யாராவது நடந்தால் நிழல் தண்ணீர்மேல் ஓடும். ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்தும் தடுப்பு மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். மூலை என்றாலும் அது மறைவில்லை, வெறும் வலை. குடியிருப்பு இல்லாமல் கஷ்டப்படுகிறவர்களை வருடக்கணக்காகக் காகிதத்தில் பார்த்த எனக்கு, நேரில் பார்க்கப் பொறுக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து கலயங்களையும் நன்றாகக் கழுவி, வாயைக் கொஞ்சம் உடைத்து அகலமாக்கி, நான்காம் தொட்டியில் நண்டுக்கு ஒன்றாகப் படுக்க வைத்தேன். ஐந்துதான் இருந்தன. கஷ்டம் அதிகமுள்ளவர்களுக்கு முன்னுரிமை என்பது விதி. அரை மணியில் ஐவரும் குடியேறிவிட்டார்கள். கூரை ஒழுகுகிறது, கக்கூஸ் கதவு சாத்தவில்லை, மேற்குப் பார்த்த வீடு வேண்டாம் என்று ஒரு மனுவும் இல்லை. நான் ஒதுக்கிய வீட்டை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டவர்கள் அந்த ஐவர் மட்டுமே.

எழுந்து வந்து பார்த்தவள் முதலில் கலயங்களை எண்ணினாள். பிறகு குரலை உயர்த்தினாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"யாரக் கேட்டு வெச்சீங்க?"

"பாவமா இருந்தது."

"நாலு தொட்டியும் ஒண்ணுபோல இருக்கணும். ஒண்ணுல வித்தியாசம் வந்துட்டா, செத்தாலும் பொழச்சாலும் எதனாலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"எடுத்துடறேன்."

"எடுத்தா சரியாயிடுமா? வீட்டுக்குள்ள இருந்துட்டு வெளிய வந்த நண்டும் வீட்டையே பாக்காத நண்டும் ஒண்ணா?"

மற்ற பதினைந்துக்கும் கலயம் வைத்துவிடுவதுதான் ஒரே வழி என்று தீர்மானித்தாள். வடலூர் சந்தையில் கிடைக்கும். ஆனால் இருவரும் தெருவில் இறங்க முடியாது, பிளாக்கே பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். மறுநாள் காலையில் அவளே சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கையில் கலயம் இல்லை.

"அண்ணே, ஒரு வார்த்த. எக்கா அம்மாவ தாங்கிகினு படுத்துகினு கெடக்குது. நீங்க உள்ள கவுச்சி ஆக்கித் துன்னுகினு இருக்கீங்களே, அடுக்குமா இது?"

நண்டுகளுக்குப் போடும் மட்டிச் சதை. வெயிலில் வாடை ஏறியிருந்தது.

"நான் சைவம்மா."

"நீங்க சைவம்ன்றீங்க, ஒங்க ஜன்னலு வேற சொல்லுது. எங்க வூட்டுல அம்மா எறங்கினா கடுகு தாளிக்க மாட்டோம். எண்ணெச் சட்டிய அடுப்புல ஏத்த மாட்டோம். படிச்சவங்க வூடு இப்பிடி. நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன். எக்கா எழுந்து தண்ணி ஊத்திக்கட்டும், அதுகிட்ட நானே சொல்றேன் ஒங்க லச்சணத்த."

உள்ளே என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கோபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். கலயம் கேட்கிற வழி மட்டும் அதோடு அடைபட்டது.

அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: 'ஏழாம் நாள். நான்காம் தொட்டியில் ஐந்து கலயங்கள். வைத்தவர்: பயிற்சி இல்லாத ஒருவர். அனுமதி பெறவில்லை.' எழுதிவிட்டு அதன்கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஊராருக்கெல்லாம் மெமோ கொடுத்தவன், வாங்கியது அன்றுதான்.

பத்தாம் நாள் ஒவ்வொன்றாகப் பனிக்கட்டியில் வைத்து இருபதுக்கும் உயிருள்ள கிருமியை ஏற்றினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவளுக்கு முன்னால் நானே எழுந்துபோய்த் தொட்டிகளைப் பார்ப்பேன். சீக்கு வந்த நண்டு ஓடாது, கண்ணைத் தொட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளாது, மல்லாத்தினால் திரும்பாது. செத்ததை எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் போட்டு, நோட்டில் நேரம் குறிப்பாள்.

இருபத்தோராம் நாள் எண்ணினோம். செத்த கிருமியை முன்பே பார்த்திருந்த முதல் இரண்டு தொட்டியிலும் சேர்த்து மூன்று நண்டுகள்தான் போயிருந்தன. பார்க்காத மூன்றாம் தொட்டியில் ஒன்றே ஒன்று மிச்சம். அதோடு நின்றிருந்தால் அவளுக்கு அத்தியாயம் கிடைத்துவிட்டது, நண்டின் ரத்தத்துக்கு ஏதோ ஒரு ஞாபகம் இருக்கிறது என்று எழுதலாம். ஆனால் மூன்றாம் தொட்டியைப் போலவே எதையும் பார்த்திராத நான்காம் தொட்டியில் ஒன்றுதான் செத்திருந்தது. மற்ற நான்கும் கலயத்துக்குள்ளிருந்து கண்களை நீட்டி எங்களைப் பார்த்தன.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஞாபகம் இருந்ததும் பொழச்சிருக்கு. வீடு இருந்ததும் பொழச்சிருக்கு. இப்ப நான் என்னன்னு எழுத?"

கிருமி ஏறியவற்றைத் திரும்பக் கடலில் விடக்கூடாது. பிழைத்த பன்னிரண்டையும் பனிக்கட்டியிலேயே நெடுநேரம் விட்டு முடித்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வழிகாட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் வழி சொன்னார். "நாலாவது தொட்டிய அடிச்சுடும்மா. அப்படி ஒரு தொட்டியே இல்லன்னு வெச்சுக்கோ. மூணு தொட்டி போதும், அழகா இருக்கு." அதே வாரம்தான் சுகாதார ஆய்வாளர் வந்து, இல்லாத நோயாளி குணமடைந்துவிட்டதாக எழுதி என் விடுப்பை முடித்து வைத்தார். இல்லாததை அடிக்கக்கூடாது என்று ஒருவர், இருந்ததை அடித்துவிடு என்று இன்னொருவர். இரண்டும் முறையான நடவடிக்கைதான், எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. "அவர் சொல்றபடி செஞ்சுடு, பதிவுக்காலம் முடியப் போகுது" என்று நானும் சொன்னேன்.

"அப்ப அந்த நாலு நண்டும் எங்க இருந்ததுன்னு எழுதட்டும்? தெருவுலயா?"

அடிக்கவில்லை. நான்கு தொட்டியையும் போட்டு, கலயத்தையும் போட்டு, பயிற்சி இல்லாத ஒருவரையும் போட்டு எழுதினாள். வழிகாட்டி கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவள் வாரத்துக்கு மூன்று நாள் போய் அவர் அறை வாசலில் நின்றாள். ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. கெடுவுக்கு நான்கு நாள் முன்னால், "பரிசோதகர் உன்னைக் கிழிக்கட்டும், நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்" என்று போட்டுக்கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வு அடுத்த பங்குனியில் வந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. வெளியூர்ப் பரிசோதகர் வயதானவர். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஏழாம் நாள் கலயம் வெச்சாரே, இந்தப் பயிற்சி இல்லாத ஆள் யாரு?" என்றார்.

"என் வீட்டுக்காரர் சார்."

"அவருக்கு என்ன உத்தியோகம்?"

"நெய்வேலியில குவார்ட்டர்ஸ் அலாட் பண்ற பிரிவு."

அறை முழுவதும் சிரித்தது. வழிகாட்டியின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெரியவர், "இவ்வளவு எழுதினதுல நான் ரெண்டு தடவை படிச்ச பக்கம் அது ஒண்ணுதாம்மா" என்றார். பட்டம் கிடைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் தலைவலி என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உடம்பு கொதித்தது. அலைச்சல் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் முத்துப் போட்டது. முகம், கழுத்து, முதுகு, உள்ளங்கைகூட விடவில்லை. அசல் அம்மை.

இந்த முறை வேப்பிலை கட்டியவள் அடுத்த வீட்டுப் பெண். உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு தடவ வந்த ஒடம்புக்கு அம்மா திரும்ப வர மாட்டா. போன வருசம் நீங்க கவுச்சி ஆக்கினீங்க இல்ல, அந்தக் கோவம். அதான் திரும்பி வந்து எக்கா மேல எறங்கிட்டா." நோய் எதிர்ப்பைப் பற்றி அதற்குள் நான் ஓரளவு படித்திருந்தேன். அதில் கவுச்சியைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆபீஸில் குவாரண்டைன் லீவு கேட்டேன். சூப்பரிண்டெண்ட் பழைய ஃபைலை எடுத்தார். "போன வருஷமே எடுத்தாச்சேய்யா. அதே நோயாளி, அதே நோவு. குணம்னு சர்டிபிகேட் இருக்கே." சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த மனிதர் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ போட முடியாதுங்க சார்."

அவர் நோட்டில் இருந்த வாசகம் நான் சொல்லி எழுதியது. அதில் ஓட்டை ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பொய் எழுதி என் சொந்த விடுப்பில் பத்து நாள் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கட்டிலைக் காற்றுக்காகப் பின்கட்டு ஜன்னலோரம் போட்டிருந்தேன். நான்காம் தொட்டி இருந்த இடம். நான் உள்ளே போனபோது இடுக்கு வழியாக வந்த வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. சந்தில் யாரோ சைக்கிளில் போனார்கள், நிழல் ஓடியது. அவள் கட்டிலின் உள்மூலைக்குச் சுருண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

பெட்டியிலிருந்து பழுப்புக் கம்பளியை எடுத்து, ஜன்னல் கம்பியில் ஒரு முனையையும் ஆணியில் மறுமுனையையும் கட்டி, கட்டிலுக்குமேல் சாய்வாக இறக்கினேன். உள்ளே இருட்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் முழங்காலை விட்டுக் காலை நீட்டினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எழுதி வெச்சுக்கோங்க," என்றாள். "எத்தனாவது நாள்னு."

நோட்டு அலமாரியில்தான் இருந்தது. எடுத்து எழுதினேன். மூன்றாம் நாள். ஜன்னலோரக் கட்டிலுக்குக் கம்பளி. வைத்தவர்: பயிற்சி இல்லாத ஒருவர். அனுமதி பெறவில்லை. கீழே கையெழுத்தும் போட்டேன்.